ஒட்டடை அடித்த வெள்ளரிக் குடில்

எங்கள் பூச்சிமருந்துக் கடைக்குக் காலையில் வருகிற போன் எல்லாம் அழுகைதான். காய்ப்புழு ஏறிருச்சு, இலை சுருண்டுருச்சு, என்னத்த அடிக்கலாம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அன்றைக்கு, பாலித்தீன் குடிலில் வெள்ளரி போட்டிருக்கிற கெங்குவார்பட்டி முருகேஸ்வரி மட்டும் சிரித்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, குடிலு பூரா சுத்தம் பண்ணிட்டேன். ஒரு ஒட்டடை இல்ல. நீங்க வந்து பாத்தா அசந்து போவீக."

"என்னத்தச் சுத்தம் பண்ணுன?"

"நூலாம்படை கட்டுன இலை அம்புட்டையும் நேத்தே கிள்ளிச் சாக்குல போட்டுக் கட்டிட்டேன். வீரபாண்டி ஆத்தாளுக்குத் தீச்சட்டி எடுக்க எங்க மாமனாரு காப்புக் கட்டியிருக்காக. காப்புக் கட்டுன வீட்டுல ஒட்டடை இருக்கலாமாக்கா? வீட்டுக்கு அடிச்சேன், அப்படியே குடிலுக்கும் அடிச்சுட்டேன்."

"அடியே, நம்ம காசு குடுத்து வாங்கி விட்ட பேன் பூரா அந்த இலையிலதான்டி இருந்துச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. சாக்கை எரித்துவிட்டாயா என்று கேட்டேன். "எரிக்கத்தான் போனேன். காத்து அடிக்குது, பொறி பறந்து பாலித்தீன்ல விழுந்தா குடிலே போயிரும்னு மாமா தடுத்துட்டாக. தண்ணித் தொட்டிகிட்ட கெடக்கு" என்றாள். யாரும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, கல்லாவை அப்பாவிடம் ஒப்படைத்து ஸ்கூட்டியை எடுத்தேன்.

பேன் விற்கிற கடை

குப்பைச் சாக்குக்காக நான் ஏன் தேனியிலிருந்து பறந்தேன் என்று புரியவேண்டுமானால், எங்கள் கடை கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

தேனி கடைவீதியில் அப்பா வைத்த பூச்சிமருந்துக் கடை அது. விவசாயம் படித்து முடித்து நானும் அதே கல்லாவில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த நாளிலிருந்து என்னைப் பாடாய்ப் படுத்தியது செம்பேன்தான். புத்தகத்தில் சிலந்திப்பேன் என்பார்கள். பூச்சி வகையே இல்லை, எட்டுக் கால், சிலந்திக்குச் சொந்தம். ஊசிமுனை அளவுதான் இருக்கும். இலைக்கு அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலே பார்த்தால் இலையில் வெளிறிய புள்ளி புள்ளியாகத் தெரியும். கூட்டம் பெருத்தால் மெல்லிய வலை கட்டிவிடும். சித்திரை வெயில் என்றால் அதற்குக் கொண்டாட்டம், ஒரு வாரத்துக்குள் முட்டை பேனாகி அதுவும் முட்டை வைக்க ஆரம்பிக்கும்.

மருந்து அடித்தால் சாகாதா? சாகும். சாகாமல் தப்பியதெல்லாம் முட்டை வைக்கும், அந்தக் குஞ்சுகளுக்கு அந்த மருந்து தண்ணீர் மாதிரி. அதைவிடக் கொடுமை, செம்பேனைத் தின்ன வருகிறதே இன்னொரு பேன், அது முதல் அடியிலேயே செத்துப்போகும். புத்தகத்தில் இரைவிழுங்கி, எங்கள் கடையில் நல்ல பேன். லேசான ஆரஞ்சு நிறம், பளபளவென்று இருக்கும். கண் கிடையாது. செம்பேன் தின்ற இலையின் வாசனையைப் பிடித்துக்கொண்டே ஓடும். செம்பேன் நகரும், இது ஓடும். லென்ஸ் வைத்துப் பார்க்கிறவர்கள் அந்த ஓட்டத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். முட்டை, குஞ்சு, தாய் என்று பார்க்காமல் உறிஞ்சிச் சக்கையாக்கிவிடும்.

இதை வளர்க்கிற ஒரு பண்ணையிலிருந்து குப்பியில் வரவழைத்து விற்கலாம் என்று நான் சொன்ன அன்று அப்பா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"பேனுக்கு மருந்து வித்த கடையில இப்ப பேனையே விக்கப் போறியா? கர்த்தர்தான் கடையக் காப்பாத்தணும்."

முதலில் வாங்க வந்தவள் முருகேஸ்வரி. அவளுக்கு வேறு வழி இல்லை. அவள் பிடிவாதம் பிடித்துப் போட்ட வெள்ளரிக் குடில் அது. முதல் வெள்ளரியைச் செம்பேன் தின்று தீர்த்திருந்தது. மாமனார் மாயாண்டி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "இந்த வெள்ளாமையும் போச்சுன்னா குடிலப் பிரிச்சிட்டுத் தென்னை வச்சிருவேன்." சொன்னதோடு நிற்கவில்லை, தென்னம்பிள்ளைகளையும் வாங்கிக்கொண்டு வந்து தொட்டி நிழலில் இறக்கிவிட்டார். குடிலுக்குப் போகும்போதும் வரும்போதும் முருகேஸ்வரி அவற்றைத் தாண்டித்தான் போகவேண்டும். "அக்கா, அந்தப் பிள்ளைகளப் பாத்தாலே எனக்குப் பொறுக்கல" என்பாள். மருந்தை நிறுத்தி, நல்ல பேனை விட்டு, உச்சி வெயிலில் நடைபாதையை நனைத்து ஈரம் காத்து, அப்படிக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தவள்தான் கடைசியில் ஒட்டடை என்று கிள்ளிவிட்டாள்.

தொட்டியடிச் சாக்குகள்

நான் போய் இறங்கியதும் முதலில் குடிலுக்குள் போனேன். உண்மையைச் சொல்லவேண்டும், கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. ஆனால் வலை கட்டாத இலைகளைத் திருப்பினால் உருண்டை உருண்டையாகச் செம்பேன் முட்டை. ஒவ்வொரு இலையாகத் தேடினேன், நல்ல பேன் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. போலீசைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டுத் திருடனை வெளியே விட்ட கதை. செம்பேன் எங்கே அதிகமோ அங்கேதான் நல்ல பேன் கூடும். வலை கட்டிய இலைதான் அதற்கு விருந்துச் சாப்பாடு. பந்தியில் உட்கார்ந்திருந்ததை இலையோடு தூக்கி எறிந்தாயிற்று.

மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக மாயாண்டி ஐயா வாசலில் நின்றார். கையில் காப்பு. காப்போடு வாயில் கெட்ட வார்த்தை வரக்கூடாது. அதனால் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆத்தா பாத்துக்கிருவா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

முதல் சாக்கைப் பிரித்தேன். நேற்று முழுக்க வெயிலில் கிடந்தது அது. குப்பென்று ஆவி அடித்தது, இலையெல்லாம் வெந்து கூழாகியிருந்தது. லென்ஸை வைத்தேன், ஒரு அசைவு இல்லை. முருகேஸ்வரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சாக்கும் அப்படித்தான். "போதும்க்கா, விடுங்க" என்று தென்னம்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மிச்சச் சாக்குகள் அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால், தொட்டிச் சுவரை ஒட்டிக் கிடந்தன. தொட்டியில் ஒரு கசிவு, எந்நேரமும் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒன்றை இழுத்தேன். சாக்கு சில்லென்று இருந்தது. கட்டை அவிழ்த்து ஒரு இலையை எடுத்தேன். வாடியிருந்தது, ஆனால் பச்சை போகவில்லை. திருப்பி லென்ஸை வைத்தேன்.

ஓடியது. ஒன்று ஓடியது, நரம்போரமாக இன்னொன்று, வலைக்குள்ளிருந்து இன்னொன்று. அடுத்த இலையிலும் ஓட்டம். செம்பேன் முட்டைகள் பாதிக்கு மேல் வெறும் தோலாகக் கிடந்தன. நல்ல பேனின் நீள்முட்டைகள் வரிசையாக மின்னின. அந்த ஆனந்தத்தை இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"முருகேஸ்வரி, எந்திரிடி. இருக்குடி, உசுரோட இருக்கு."

அப்புறம் நடந்ததைப் பார்த்த பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எங்களுக்கு வெயில் மூளையில் ஏறிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். குப்பைச் சாக்கைக் கூடையில் கொட்டிக் குடிலுக்குள் சுமந்தோம். நல்ல பேன் இறங்கிக் கொடிக்கு ஓடட்டும் என்று ஒவ்வொரு கவட்டிலும் ஒரு வாடிய இலையைச் செருகினோம், கிழக்கே தொடங்கி மேற்கே முடிய. வேலியில் நின்ற ஒருவர் கேட்டார்: "ஏத்தா முருகேஸ்வரி, நேத்துக் கிள்ளுன இலைய இன்னைக்கு ஒட்டவைக்கீகளா?"

"ஆமா மாமா. கம்பெனில திருப்பி அனுப்பிட்டாக" என்றாள் அவள். அழுத கண்ணோடு அவளுக்கு அந்தக் கிண்டலும் வந்தது.

நடைபாதையை நனைத்தோம், பக்கத் திரையை இறக்கினோம். அன்றைக்கு என்னால் ஆனது அவ்வளவுதான், இனி பேன் பாடு.

திருவிழாவுக்குப் பிறகு

திருவிழா முடிகிறவரை எனக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. தினமும் போட்டோ கேட்பேன். அவள் அனுப்புவதில் இலை தெரியும், பேன் தெரியாது. கடைசியில் நானே போனேன்.

குடில் வாசலில் மாயாண்டி ஐயா நின்றார். தீச்சட்டி எடுத்துக் காப்பை அவிழ்த்தாயிற்று, இனி வாய்க்குக் கட்டுப்பாடு கிடையாது. நான் பயந்துகொண்டேதான் செருப்பைக் கழற்றினேன். அவரோ என் கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கேட்டு வாங்கினார். உள்ளே புதுக்கொழுந்து இலைகள் கை அகலத்துக்கு விரிந்திருந்தன. ஒன்றிலும் புள்ளி இல்லை. கீழ் இலைகளில் பழைய வடு மட்டும் இருந்தது. அங்கே ஒரு இலையைத் திருப்பிப் பிடித்து எங்கே பார்க்கவேண்டும் என்று காட்டினேன்.

அவர் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துக் குனிந்தார்.

"ஏலே, ஓடுறானே… அங்கன ஒருத்தன் நிக்கான்… புடிச்சிட்டான். புடிச்சி உறியிறான். யாத்தே, வீச்சருவா இல்லாம வெட்டுறான்யா."

அதற்குப் பிறகு லென்ஸ் என் கைக்கு வரவில்லை. வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு இலையாகத் திருப்பினார். நானும் முருகேஸ்வரியும் பின்னாலேயே நடந்தோம். அவள் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் கடையில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். விவசாயி இலையோடு வந்தால் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பாதீர்கள். முதலில் இலையைத் திருப்புங்கள். தின்கிறவன் மட்டும் இருக்கிறானா, தின்கிறவனைத் தின்கிறவனும் வந்துவிட்டானா என்று பாருங்கள். அதற்குப் பிறகு அடிப்பதா, கிள்ளுவதா, சும்மா இருப்பதா என்று பேசலாம். பார்க்க அசிங்கமாக இருக்கிற இலையில்தான் சில நேரம் நம் வெள்ளாமை உட்கார்ந்திருக்கும்.

நான் கிளம்பும்போது மாயாண்டி ஐயா தொட்டியடிக்குப் போய் ஒரு தென்னம்பிள்ளையைத் தூக்கினார். முருகேஸ்வரியின் முகம் சுண்டிவிட்டது. அவர் குடில் பக்கம் திரும்பவில்லை, நேரே வேலிப் பக்கம் நடந்தார்.

"அங்கன என்னத்தா நிக்கிற? மம்பட்டிய எடுத்துட்டு வா. வேலியோரமாக் குழி போடணும்" என்றார் மருமகளிடம். இரண்டடி போய்த் திரும்பினார். "அந்த ஒட்டடைக் கம்பு வீட்டோட இருக்கட்டும். குடிலுக்குள்ள பாத்தேன், முறிச்சுப் போட்டுருவேன்."