அத்தை சாப்பிடாத பால்கோவா

பிள்ளைகளா, போன ஞாயிறு டிவியில் சினிமா விருது விழா ஓடியபோது, ஒவ்வொருத்தரும் நன்றி சொல்ல ஆரம்பித்ததும் நீங்கள் சேனலை மாற்றினீர்கள். நான் சத்தம் போட்டுவிட்டேன். ஏன் என்று கேட்டீர்கள். அப்போது சொல்ல வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இராஜபாளையத்தில் இருந்தோம். என் அப்பாவின் தங்கை, நீங்கள் பார்த்திராத அத்தை, மெட்ராசில் வாழ்க்கைப்பட்டுப் போய் அங்கே படங்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் ஒரு பெண், ஆஸ்பத்திரி நர்ஸ், இப்படித்தான். ஒரே ஒரு தடவை கதாநாயகிக்கே பேசினாள். படத்தில் நாயகி நம் ஊர் மில்லில் வேலை பார்க்கிறவள். நடித்தவளுக்கோ தமிழ் தெரியாது. நம் பக்கத்துப் பேச்சு வேண்டுமென்று அத்தையைக் கூப்பிட்டிருந்தார்கள். "செத்த நேரம் இருந்துட்டுப் போனா ஒலகமா அழிஞ்சிரும்?" என்று நாயகி கேட்கிற இடத்தில் தியேட்டரே கைதட்டியது. எங்களுக்கு அது புதிதில்லை. வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் அத்தை கேட்பதுதான்.

அந்த வருஷம் சிறந்த நடிகை விருது அந்த நடிகைக்குக் கிடைத்தது. மேடையில் உங்கள் பெயரைச் சொல்கிறேன் என்று அத்தையிடம் வாக்குக் கொடுத்திருந்தாளாம். அரங்கத்துக்கு அத்தைக்கு அழைப்பு வரவில்லை. விழா நடந்து ஒரு வாரம் கழித்து டிவியில் போட்டபோது, எங்களோடு உட்கார்ந்து பார்க்கவென்றே பஸ் ஏறி வந்தாள். அப்பா தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டு, காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கி வந்தார். பெயர் வந்த பிறகுதான் பெட்டியைத் திறப்பது என்று உத்தரவு.

நடிகை மேடை ஏறினாள். அம்மாவுக்கு நன்றி சொன்னாள். டைரக்டருக்கு, மேக்கப்காரருக்கு, கார் டிரைவருக்கு, வீட்டு நாய்க்குட்டிக்குக்கூடச் சொன்னாள். எல்லாம் இங்கிலீஷில். கடைசியில் ஒரு வணக்கம். சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

"அத்தை, இது ஒங்க கொரலு இல்லையே?" என்றேன் நான்.

"அவ கொரல்ல அவ பேசுதா. பேசட்டும்லே."

சொல்லியிருப்பாள், டிவிக்காரன் வெட்டியிருப்பான் என்றார் அப்பா. அத்தை தலையாட்டினாள். எதிர்வீட்டு மில் பிட்டர் மாமா சும்மா இருக்கவில்லை. "என்ன மச்சான், பால்கோவா அடுத்த வருசத்துக்கா?" என்றார். அப்பா முகம் கறுத்துப் பெட்டியை உள்ளே கொண்டுபோகப் போனார். அத்தை எழுந்து வழிமறித்தாள்.

"இங்க குடுண்ணே. விருது வந்தது நெசந்தான?"

வந்திருந்த ஒவ்வொரு கையிலும் அவளே கிள்ளி வைத்தாள். பிட்டர் மாமாவுக்கு ரெண்டு தடவை. அவள் மட்டும் சாப்பிடவில்லை. நான் ஒரு வாய் கொண்டுபோய் நீட்டினேன்.

"தொண்டைக்கு ஆகாதுலே. நாளைக்கு டப்பிங் இருக்கு" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வாயையும் நானே தின்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அத்தை இருந்தாள். அதற்கடுத்த நாளும் இருந்தாள். பதினோரு நாள் எங்களோடு இருந்து, எனக்குத் தலை சீவிவிட்டு, கதை சொல்லி, ஒவ்வொரு காலையிலும் நான் பையை மாட்டும்போது செத்த நேரம் இருந்துட்டுப் போயேன் என்றாள். அத்தை ஊருக்குப் போகவில்லை என்ற சந்தோஷத்தில், டப்பிங் என்னவாயிற்று என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நேற்றுக் காலை நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, போனில் அந்தப் படத்தைத் தேடிப் போட்டேன். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, படம் முடிகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.