தோற்ற கட்சியின் வெற்றிப் பனியன்

எங்கள் ஊரில் வாக்கு எண்ணுவதற்கு முன்பே இரண்டு கட்சிகளும் ஜெயித்துவிடும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. முடிவு வந்த கையோடு தொண்டர்கள் தலைவர் முகம் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு ஆடியாக வேண்டும். அன்றைக்குக் காலையில் ஆர்டர் கொடுத்தால் எந்தக் கம்பெனியாலும் முடியாது. அதனால் இரண்டு தரப்புக்கும் வெற்றிப் பனியன் முன்கூட்டியே தயாராகும். நெருப்பெரிச்சல் என்ற பகுதியில் நான் டிசைனராக இருக்கும் பிரிண்டிங் யூனிட்டில் இரண்டும் அடுத்தடுத்த மேஜையில்தான் ஓடின. முகமும் பட்டையின் நிறமும் வேறு. நெஞ்சில் கொட்டை எழுத்தில் வரும் ‘வென்றோம்’ மட்டும் பொது. ஒரே வார்த்தைக்கு எதற்கு இரண்டு அச்சு ஸ்கிரீன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வேலை போக மீதி நேரத்தில் நான் கதை எழுதுகிறவன். அப்போது ஒன்று எழுதி முடித்திருந்தேன். எப்போதோ நடந்த தேர்தலில் தோற்றவர் ஜெயித்திருந்தால் நாடு எப்படி ஆகியிருக்கும் என்கிற அறிவியல் நையாண்டி. அந்த நாட்டில் குழந்தை பிறந்ததுமே தலைவர் முகம் போட்ட பனியனை மாட்டிவிடுவார்கள். கழுத்து லேபிளில் ஒரு மின்னணுச் சில்லு இருக்கும். தலைவர் பெயரைக் கேட்டதும் நெஞ்சு போதிய வேகத்தில் துடிக்கிறதா என்று பார்த்து அது மேலிடத்துக்குச் சொல்லும். பனியனைப் பிழிவது குற்றம். உள்பக்கம் திருப்பி இஸ்திரி போடுவது தேசத்துரோகம். ஒரு காட்சியில், தப்பான பனியன் போட்டு வந்த ஒருவனை பஸ் ஸ்டாண்டில் வைத்து ஜனங்களே அடித்துத் துவைப்பார்கள்.

முதலாளி படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “நெசந்தானுங்க தம்பி. அவிங்க வந்திருந்தா இப்படித்தான் ஆயிருக்கும்.” அந்த ‘அவிங்க’ கட்சிக்காரரான எங்கள் மேனேஜரும் அதே தாளை வாங்கிப் படித்தார். “இவிங்களப் பத்தி இத்தன தைரியமா எழுதிப் போட்டீங்களே, பார்த்து இருங்க” என்று என் தோளைத் தட்டினார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மாதிரிக் கதையில் எல்லோருக்கும் எதிராளியின் ஆட்சிதான் தெரிகிறது. பயமெல்லாம் எதிராளி ஜெயித்துவிடுவானோ என்பதுதான். தன் நெஞ்சில் யார் முகம் ஒட்டியிருக்கிறது என்று குனிந்து பார்க்க ஒருத்தருக்கும் கழுத்து வளையவில்லை.

பத்திரிகை ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்பினார். மற்றதெல்லாம் சரி, ஒரு பனியனுக்காக ஒருவனை அடிப்பது நம்பும்படி இல்லை என்றார்.

இரண்டு மேஜையிலும் அந்த ‘வென்றோம்’ எழுத்தைப் போட்டவர் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பிரிண்டர். தமிழ் தத்தித் தத்திப் பேசுவார்; படிக்க வராது. ஸ்கிரீன் மேல் மையை இழுக்கும் ரப்பர் கட்டையை நாள் முழுக்க ஒரே அழுத்தத்தில் இழுக்க வேண்டும். அதற்கு மணிக்கட்டு இரும்பாக இருக்க வேண்டும். அவருடைய வலது கை அப்படிப்பட்டது. அந்தக் கையை நம்பி, வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார். தேர்தல் அவசரம் முடிந்ததும் மனைவியைக் கூட்டிவரப் போவதாகக் கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பனியனையும் எடுத்து, மை காய்ந்துவிட்டதா என்று கட்டைவிரலால் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார்.

முடிவு வந்தது. ஒரு கட்சியின் பண்டல்களை வேன் வந்து அள்ளிக்கொண்டு போனது. இன்னொன்றுக்கு ஆளே வரவில்லை. தோற்ற பக்கத்துச் சரக்குக்கும் எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. காதர்பேட்டை வியாபாரிகள் எடை போட்டு வாங்கி வடக்கே அனுப்பிவிடுவார்கள். தமிழ் தெரியாத ஊருக்குப் போய்விட்டால் அது வெறும் பனியன். யார் முகமோ, என்ன எழுத்தோ, அங்கே யாருக்கு என்ன?

முதலாளிக்கு இந்த முறை ஒரு புதுயோசனை உதித்தது. “ஏனுங்க தம்பி, தமிழ் தெரியாதவங்களுக்குக் குடுக்கறதுக்கு எதுக்கு அத்தாந்தூரம் அனுப்போணும்? நம்ம ஷெட்டுலயே இருக்காங்களே” என்றார். ஒரு பண்டலைப் பிரித்து வடக்கத்தி ஆட்கள் எல்லோருக்கும் தன் கையாலேயே கொடுத்தார். அவருக்கு அதில் அத்தனை பெருமை. அவர்களும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிரிண்டர் புது வீட்டுக்குக் குக்கர் வாங்கக் கிளம்பினார். புதுத்துணி என்பதால் அதையே போட்டுக்கொண்டார். கடைவீதியில் ஜெயித்தவர்களின் ஊர்வலம் வந்தது. பிறகு நடந்ததை டீக்கடைக்காரர் எங்களுக்குச் சொன்னார். தோற்றவர் முகம், அதற்குக் கீழே ‘வென்றோம்’. யாராக இருந்தாலும் கிண்டல் என்றுதானே நினைப்பார்கள் என்று அவரே நியாயமும் பேசினார். “எங்கிருந்தோ பொழைக்க வந்துட்டு எங்களையே நக்கல் பண்றியாடா?” என்று கேட்டார்களாம். பிரிண்டருக்குக் கேள்வி புரியவில்லை. புரியாமல் சிரித்தாராம். அந்தச் சிரிப்புதான் அவர்களைக் கொதிக்க வைத்தது. கீழே தள்ளி, தரையில் ஊன்றிய வலது கையின் மேல் ஏறி மிதித்தார்கள். நையாண்டி எழுதுகிறவன் நான். இதுவரை என் மேல் ஒரு கொசுகூட உட்கார்ந்ததில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது கையில் முழங்கை வரை கட்டு. எலும்பு கூடிவிடும், விரல்கள் பழையபடி மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்தில் குக்கர் பெட்டி நசுங்காமல் இருந்தது. அந்தக் கையைக் காப்பாற்றாத கூட்டத்தில் யாரோ அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அந்த அக்கறையை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

“அண்ணா, பனியன்ல என்னா எழுதியிருந்துச்சு?” என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். ஹம் ஜீத் கயே. நாம் ஜெயித்துவிட்டோம்.

“அவங்க பனியன்லயும் அதேதான் அண்ணா. ரெண்டும் நான் போட்டதுதான்” என்றார்.

யூனிட்டுக்குத் திரும்பியதும் போலீசில் புகார் கொடுக்கலாம் என்றேன். “ஜெயிச்சவங்க மேலயா?” என்று முதலாளி என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மறுநாளே அந்த மேஜைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அதே வாரம் பத்திரிகை ஆசிரியரும் கூப்பிட்டார். விஷயத்தைக் கேள்விப்பட்டாராம். அந்தப் பஸ் ஸ்டாண்ட் காட்சி இப்போது நம்பும்படிதான் இருக்கிறது, கதையை அனுப்புங்கள் என்றார். அடி வாங்குகிறவன் தமிழனாகவே இருக்கட்டும், அப்போதுதான் வாசகர் பதறுவார் என்றும் சொன்னார். நான் அவரைத் திட்டிய வார்த்தை எந்தப் பத்திரிகையிலும் வராது.

மடங்காத கையை வைத்துக்கொண்டு பிரிண்டருக்கு இங்கே செய்ய வேலை இல்லை. லைன் வீட்டைக் காலி செய்தார். ஊருக்குப் போகிற அன்று முதலாளியிடம் சொல்லிக்கொள்ள யூனிட்டுக்கு வந்தார். தோளில் பை, அதில் குக்கர் முட்டிக்கொண்டு தெரிந்தது. முதலாளி எழுந்து வந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தார், அது நடிப்பு இல்லை. பிறகு உள்ளே போய், மீதியிருந்த பண்டலிலிருந்து நாலு பனியனை உருவிக்கொண்டு வந்தார்.

“எடுத்துட்டுப் போ கண்ணு. உங்கூர்ல இத ஆரும் படிக்க மாட்டாங்க. தைரியமாப் போட்டுக்கலாம்” என்றார்.

பிரிண்டர் இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வாங்கியதும், மை காய்ந்துவிட்டதா என்று இடது கட்டைவிரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.