காஞ்சன்பாக்கிலிருந்து வந்த பேச்சாளர்

1983 அக்டோபர் 9, ஞாயிறு. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது; இரண்டு அண்டாவும் நிரம்ப இருபது நிமிடம். சவரம் செய்துகொண்டு, சைக்கிளுக்கு எண்ணெய் விட்டு, வாரத்துக்கான சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். பன்னிரண்டுக்குச் சாப்பாடு. மூன்று மணிக்கு லாலாகுடா ஓய்வுபெற்றோர் சங்கத்தின் வாசகசாலையைத் திறந்து நாற்காலிகளைப் போட்டேன்.

நான் அப்போது ஓய்வு பெற்றிருக்கவில்லை. பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருந்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறதென்று சங்கத்தார் என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வெளியாள் ஒருவரை அழைத்து வந்து பேச வைப்பது என் பொறுப்பு.

அந்த மாதம் அழைத்திருந்தது உறுப்பினர் ஒருவரின் மகனை. அப்பா மெயில் வண்டியில் கார்டாக இருந்தவர். மகனுக்குக் காஞ்சன்பாக்கில் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அங்கே என்ன செய்கிறார் என்பதை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. சேர்ந்து பதினைந்து வருடமாகச் சொன்னதும் இல்லை. கண் மூடுவதற்குள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அப்பாவின் ஒரே ஆசை. “மேடையிலே ஏத்திவிட்டா ஏதாவது சொல்லித்தானே ஆகணும்” என்று அவர்தான் எனக்கு யோசனை கொடுத்தார். நானும் முன்பின் பாராமல் ‘என் வேலை’ என்று தலைப்பெழுதி வாசலில் அறிவிப்பை ஒட்டிவிட்டேன்.

மகன் அதைப் பார்த்தது ஆட்டோவிலிருந்து இறங்கியபோதுதான். “சார், இதைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேச முடியாது. பேசினா வேலை போயிடும்” என்றார். மணி மூன்று ஐம்பத்தைந்து. உறுப்பினர்களில் பாதிப்பேர் ரயில்வேக்காரர்கள். கூட்டம் நான்கு மணிக்கு என்றால் நான்குதான். பாறைகளைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டார். சரி என்றேன்.

அப்பா முன்வரிசை நடுவில், கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த அவருடைய சிநேகிதர். “என்னய்யா, உம்ம பையன் ராக்கெட்டைப் பையிலே போட்டுக் கொண்டாந்திருக்கானா?”

“நக்கோ பாய், வேண்டாம், கம்முனு இரும்” என்றார் அப்பா, மகனிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

மகன் தாழ்ந்த குரலில் பேசினார். இந்த ஊரைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பாறைகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, இருட்டிய பிறகு மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன என்றார். ராத்திரி எட்டு மணிக்குத் தொட்டாலும் மாட்டின் வயிறுபோல வெதுவெதுப்பாக இருக்குமாம். மழை பெய்து ஓய்ந்திருந்த நாள். ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து விழுந்து, அதில் தூசி மேலும் கீழுமாக மிதந்துகொண்டிருந்தது. வெளியே சரக்கு வண்டி ஒன்று பெட்டிகளைத் தட்டித் தட்டிச் சேர்த்துக்கொண்டு போயிற்று. அது கடக்கும்வரை அவர் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார். பின்வரிசையில் மூன்று பேர் தூங்கிவிட்டார்கள். எனக்கும் பேனா கையில் இருக்கக் கண் செருகி, அந்த அறையே ஒரு பாறைமேல் ஏறி நிற்பதாகத் தோன்றியது. அப்பா மட்டும் தூங்கவில்லை. பாறை முடிந்து வேலை எப்போது வரும் என்று அவர் காத்திருந்தது முகத்திலேயே தெரிந்தது.

வரவில்லை. நான்கு நாற்பதுக்குப் பேச்சு முடிந்தது.

காது மந்தமானவர்கள் ஒரே நேரத்தில் கேள்வி கேட்பார்கள் என்பதால், பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தருவது எங்கள் வழக்கம். நான் வாங்கி உரக்கப் படிப்பேன். அன்று ஒரே ஒரு சீட்டு. வண்டி ஆட்டத்தில் குறிப்பெழுதிப் பழகிய, அகலமான கையெழுத்து. யாருடையது என்று எனக்குத் தெரியும். மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேள்வி எதுவும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். தலைப்பு போட்டவன் நான் என்பதால் மனம் வரவில்லை. படித்தேன்: “பேச்சாளர் காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை என்ன செய்கிறார்?”

மகனுக்கும் அந்தக் கையெழுத்து எட்ட இருந்தே தெரிந்திருக்க வேண்டும். சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார். “ஒரு மூடின கதவுக்கு வெளியே உக்காந்திருப்பேன். உள்ளே ஒண்ணு சூடாகிட்டிருக்கும். அது தாங்குமா தாங்காதான்னு தெரியற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. முக்கால்வாசி நாள் அவ்வளவுதான்.”

அப்பா சிநேகிதர் பக்கம் திரும்பினார்.

“ஸ்டேஷனுக்குள்ளே விட ஹோம் சிக்னல் விழலைன்னா நான் கடைசிப் பெட்டியிலே உக்காந்திருப்பேனே, அது மாதிரிய்யா” என்றார். “நம்ம வேலைதான்.”

ஃபிட்டர் அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

கூட்டம் கலைந்தபோது மகன் என்னிடம் வந்து, அந்தப் பதிலை மட்டும் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிறகு அப்பாவும் மகனும் சேர்ந்து டீ குடிக்கப் போனார்கள். அப்பாதான் விடாமல் பேசிக்கொண்டே நடந்தார்.

மறுநாள் காலை ஐந்து பத்துக்கு எழுந்ததும், தண்ணீர் வருவதற்குள், கூட்டக் குறிப்பை எழுதினேன். “பொருள்: பாறைகள். வினா ஒன்று. விடை அளிக்கப்பட்டது.”