மோட்டார் சைக்கிளுக்கு ஒரு சாட்சி

கணவனை இழந்த பெண் அழுவாள் என்றுதான் ஊர் எதிர்பார்க்கும். நூருன்னிஸா அழவில்லை, நடந்தாள். ஜன்னலை மூடித் தொங்கிய துணியிலிருந்து கட்டில்வரை, கட்டிலிலிருந்து கதவுத் திரைவரை, வெள்ளைச் சேலை காலில் தட்டத் தட்ட நடந்துகொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டு நோனா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள். உட்கார்ந்த இடம் சுட்டதுபோல மறுபடி எழுந்துவிடுவாள்.

அவள் இத்தாவில் இருந்தாள். கணவன் மௌத்தானபின் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. தகப்பன், கூடப்பிறந்தவன் போன்ற உறவைத் தவிர வேறு ஆண் எவனும் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. மாத்தளைப் பள்ளிவாசல் தெருவில் இந்த வழக்கத்தை மீறிய பெண் இல்லை. நூருன்னிஸாவுக்கோ தகப்பனும் இல்லை, கூடப்பிறந்தவனும் இல்லை, வயிற்றில் பிறந்ததும் இல்லை. அந்த வெள்ளைத் திரைக்குள் அவள் வெறும் தனி.

அவளை அப்படி நடக்க வைத்தது துக்கம் மட்டுமல்ல. ஒரு மோட்டார் சைக்கிள்.

அவள் கணவன் ரவூப் மிளகு வியாபாரி. அலுவிகாரையிலிருந்து ரத்தோட்டைவரை தோட்டம் தோட்டமாகப் போய், கொடியில் பச்சையாகத் தொங்கும்போதே மிளகுக்கு விலை பேசிவிட்டு வருவான். காகிதம் கிடையாது, கையெழுத்துக் கிடையாது. 'பிஸ்மில்லாஹ்' என்று சொல்லிக் கைகொடுத்தால் அந்தக் கொடி அவனுடையது. எழுதிக் கேட்பது எதிரில் இருப்பவனின் முகத்தில் துப்புவதற்குச் சமம் என்று நினைத்த வியாபாரிகளின் காலம் அது. அவன் ஏறித் திரிந்த பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளின் சத்தம் பாலத்து வளைவில் கேட்டதும் நூருன்னிஸா கேத்தலை அடுப்பில் வைப்பாள். அவன் வாசலில் கால் வைக்கும்போது தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். அவர்களுடைய இல்லறத்தின் இனிமை எல்லாம் அந்த இரண்டு சத்தங்களுக்கு நடுவில்தான் இருந்தது.

நெஞ்சு பலவீனப்பட்டு, இனி ஏறக் கூடாது என்று டாக்டர் தடுத்தபோது, ரவூப் அதை அழகமுத்துவுக்கு விற்றான். அழகமுத்து ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். ரவூப்புக்காக மிளகு மூட்டை சுமந்தவன். பின்சீட்டில் ஒரு தகரப் பெட்டியைக் கட்டி, மாத்தளையில் பாண் ரொட்டி வாங்கி, மலைக்கு மேலே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகக் கொண்டுபோய் விற்க ஆசைப்பட்டான். விலை முழுவதும் கைமாறியது. ரவூப் 'பிஸ்மில்லாஹ்' சொல்லிச் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தான். மோட்டார் சைக்கிளின் பதிவுப் புத்தகத்தை வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அரசாங்கக் கச்சேரியில் பெயர் மாற்றித் தருவதாகச் சொன்னான். அழகமுத்து ஒரு துண்டுக் காகிதம்கூடக் கேட்கவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் தேநீரோடு நின்றபடி நூருன்னிஸா அத்தனையையும் பார்த்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. ரவூப்பின் ஜனாஸாவைத்தான் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனார்கள்.

மிளகுக்கொடிக்கு வாய்ச்சொல் போதும். மோட்டார் சைக்கிளுக்குப் போதுமா? மையித்து விழுந்த வீட்டில் புத்தகப் பேச்சு எடுப்பது மரியாதையில்லை என்று அழகமுத்து வாய் திறக்காமல் பாண் விற்றுக்கொண்டு திரிந்தான். ஒரு நாள் காலை அலுவிகாரை வளைவில் பொலிஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். விசாரித்ததில் வண்டி இறந்துபோன ஒருவரின் பெயரில் இருந்தது. ரவூப்பின் தம்பி யாகூப்பைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மூத்தவரான நானா எதையும் விற்றதாகத் தன்னிடம் சொல்லவில்லை என்று அவன் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

வண்டி பொலிஸ் நிலையத்து முற்றத்தில் மழையில் நனைந்தது. அழகமுத்துவின் பேரில் திருட்டு வழக்கு. திங்கட்கிழமை கோர்ட்டில் நிற்க வேண்டும்.

அவன் மனைவி கிருஷ்ணம்மா மலையிலிருந்து இறங்கி, நனைந்த சேலையோடு திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பெண் என்பதால் அவளைத் தடுக்க யாருமில்லை. அவள் அழுதிருந்தால்கூட நூருன்னிஸா தாங்கியிருப்பாள்.

"நீங்க வெள்ளச்சீல கட்டி உள்ளுக்குள்ள கௌரவமா இருக்கீங்க, மொதலாளியம்மா. எங்க வீட்டுக்காரரு திருடன்னு வெளிய நிக்கிறாரு. லயத்துப் புள்ளைங்க எம்மவளப் பாத்து பாண் திருடன் மகன்னு கூப்பிடுதுங்க. மொதலாளி சாவி குடுத்தப்ப பாத்தது நீங்க ஒருத்திதான். நீங்க பேசாட்டி மொதலாளியுமில்ல பொய்யனா போறாரு?"

அந்தக் கடைசி வார்த்தை நூருன்னிஸாவின் நெஞ்சில் தைத்தது. கொடுத்த வாக்கை முடிக்காமல் போனவனின் ரூஹு, அவன் ஆன்மா, நடுவில் தொங்கும் என்று அவள் சிறுவயதில் கேட்டிருந்தாள். வாழ்நாளில் ஒரு சொல் பிசகாத மனிதன் கபுறுக் குழிக்குள் பொய்யனாகக் கிடப்பதா? அன்று அவள் சாப்பிடவில்லை. நடந்தாள்.

வழி என்னவென்று கோர்ட்டில் வழக்குப் பேசும் புறக்டர் ஒருவர் கிருஷ்ணம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். கணவன் உயிரோடிருந்தபோதே விற்றான், நான் கண்டேன் என்று விதவை ஒரு ஜே.பி. முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் போதும். வழக்கும் விழும், புத்தகமும் பெயர் மாறும். ஜே.பி. என்றால் சத்தியக் கடதாசிக்குச் சாட்சி வைக்கும் சமாதான நீதவான். நோனா ஓடிப்போய், ஜே.பி.யாக இருந்த சிங்களப் பாடசாலைத் தலைமை ஆசிரியரை அழைத்து வந்தாள். நூருன்னிஸா திரைக்கு வெளியே கையை மட்டும் நீட்டினாள். நல்ல மனிதர்தான். ஆனால் தலையை ஆட்டிவிட்டார். முகம் பார்க்காமல் அது யாருடைய கை என்று தான் எப்படிச் சாட்சி சொல்வது என்று சிங்களத்தில் வருத்தத்தோடு கேட்டுவிட்டுக் குடையை விரித்தார்.

சாயந்தரம் யாகூப் திரைக்கு வெளியே வந்து நின்றான். அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"மதினி, ஒரு தோட்டக்காட்டானுக்காக இத்தாவ முறிச்சிட்டு அந்நிய ஆம்புளைக்கு மொகம் காட்டப் போறீங்களா? நானாட கபுறு மண் இன்னம் காயல்ல. தெரு என்ன செல்லும்?"

"ஒங்கட நானா வித்தத நான் பாத்தேன், யாகூப்."

"பாத்திருப்பீங்க. சாட்சி செல்ல ஏலுமா?"

அவன் போய்விட்டான். அந்தக் கேள்வி போகவில்லை.

மாத்தளையில் இன்னும் ஒரு ஜே.பி. இருந்தார். கொக்கோக் கடை அப்துல் ஸமத். அந்தப் பெயரை நினைக்கவே கூடாது என்று நூருன்னிஸா நெஞ்சைப் பூட்டி இருபது வருஷம் இருக்கும்.

அவள் உம்மா, ஸமத் பிறந்த பெரிய வீட்டில் நெல் குத்தியவள். எஜமானி பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் கண்ணை மூடியபோது, பச்சைக் குழந்தை பசியில் நீலம் பாரித்தது. உம்மாதான் தூக்கி மார்பில் வைத்தாள். அப்போது நூருன்னிஸா ஒன்றரை வயதுக் குழந்தை. ஒரே நாளில் அவளுக்கு வேப்பெண்ணெய் தடவிப் பாலை மறக்கடித்து, அவள் பங்கையும் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். மார்க்கத்தின்படி ஒரு தாயின் பாலைக் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்கள். அவனும் பத்து வயதுவரை 'ராத்தா, ராத்தா' என்று அக்காவாக அழைத்து அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன். பிறகு கண்டிக்குப் படிக்கப் போனான். கோட்டுப் போட்டுத் திரும்பி வந்தான். கடை வாசலில் நண்பர்களோடு நின்றபோது நூருன்னிஸாவோடு அந்தப் பக்கம் போன உம்மா ஆசையாக "மகன்" என்று கூப்பிட்டாள். யார் அது என்று நண்பன் கேட்டான். "எங்கட வீட்டுல நெல் குத்தின பொம்புள" என்றான் ஸமத்.

உம்மா திரும்பி வீட்டுக்கு நடந்தாள். அன்று முதல் அவள் வெயில் காலத்திலும் மார்பைப் போர்த்திக்கொண்டே இருந்தாள், சாகும்வரை.

அவனிடமா போய்க் கையேந்துவது? சுவருக்குச் சுவர் நடந்த நூருன்னிஸா, ஜன்னல் துணிக்கு முன்னால் நின்றாள். வெளியே தூரத்தில் எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அவள் கால் தானாக அடுப்பங்கரைப் பக்கம் திரும்பியது. பாதி வழியில் நின்று, சுவரில் தலையை மோதிக்கொண்டாள்.

பிறகு கிருஷ்ணம்மாவைக் கூப்பிட்டாள்.

"கொக்கோக் கடைக்குப் போங்க. நூருன்னிஸா பால் கேக்கல்ல, அந்தப் பாலுக்குச் சாட்சி கேக்கிறாண்டு செல்லுங்க. வேற ஒரு சொல்லும் வாணாம்."

ஞாயிறு அசர் தொழுகைக்குப் பிறகு அப்துல் ஸமத்தின் கார் தெருவில் நின்றது. தலை நரைத்து, சற்றே கூனிய மனிதர் இறங்கினார். விறாந்தையில் யாகூப்பும் பள்ளிவாசல் லெப்பையும் தெருக்காரர் சிலரும் நின்றார்கள். யாகூப் வாசலை மறித்தான். உள்ளே இத்தாவில் பெண் இருக்கிறாள், ஜே.பி.யானாலும் அந்நிய ஆண் போக முடியாது என்றான்.

திரைக்குப் பின்னால் நூருன்னிஸா நடப்பதை நிறுத்தினாள். ஸமத் காரைத் திரும்பிப் பார்த்தார். அவர் அப்படியே போய்விடலாம். காரின் கதவுகூட இன்னும் மூடப்படவில்லை.

"எனக்குப் பால் குடுத்த உம்மாட மகள் இவ," என்றார். "இந்தத் தெருவுக்கு நான் அதச் செல்லாதது என்ட குத்தம். தம்பி ராத்தாவப் பாக்க எவன்ட உத்தரவு வேணும், லெப்பை?"

லெப்பை தாடியைத் தடவினார். பால் உறவு ரத்த உறவுதான், யாரும் தடுக்க முடியாது என்று யாகூப்பைப் பார்த்துச் சொன்னார். யாகூப் விலகி நின்றான்.

திரை விலகியது. இருபது வருஷத்துக்குப் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவள் முகத்தைத் தாழ்த்தவில்லை.

"நல்லாப் பாருங்க. நான்தானே?"

ஸமத் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான், ராத்தா."

அவள் சத்தியம் சொன்னாள்: தேநீர்த் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றதை, சாவி கை மாறியதை, விலை முழுதும் வந்ததை, வெள்ளிக்கிழமை என்று ரவூப் சொன்னதை. கையெழுத்துப் போட்டாள். அவரும் போட்டு முத்திரை வைத்தார். எழுந்தவர் போகாமல் நின்றார். உம்மா கடைசியாகத் தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று மெல்லக் கேட்டார்.

உம்மா சாகும்வரை மார்பைப் போர்த்தியிருந்ததைச் சொல்லி நூருன்னிஸா அவரைக் கொன்றிருக்கலாம். சொல்லவில்லை.

"கபுறு எங்க ஈக்கிண்டு தெரியுமா ஒங்களுக்கு?"

அவர் தெரியாது என்று தலையசைத்தார்.

"நோனாட மகன் காட்டுவான். போய் ஸலாம் செல்லிட்டு வாங்க."

திங்கட்கிழமை வழக்கு விழுந்தது. புத்தகம் கச்சேரிக்குப் போய், பெயர் மாறி வந்தது. பின்னும் பல நாள் நூருன்னிஸா நடந்தாள். செய்ய வேண்டியது முடிந்தும் கால்களுக்கு அது தெரியவில்லை.

ஒரு காலைப்பொழுதில் பாலத்து வளைவில் அந்தச் சத்தம் கேட்டது. அதே சத்தம், சற்றுத் திக்கி, இருமி, மறுபடி பிடித்து. அவள் யோசிக்கவே இல்லை. கேத்தலை அடுப்பில் வைத்தாள், ரவூப்பின் கோப்பையைக் கழுவினாள். வண்டி வாசலில் நின்றபோது தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் தன் கைகள் செய்ததை அவள் பார்த்தாள்.

கிருஷ்ணம்மா சூடான பாணோடு உள்ளே வந்தாள். முதல் பாண் இந்த வீட்டுக்குத்தான் என்று அவள் புருஷன் சொல்லிவிட்டானாம். அவன் வெளியே தெருவில், திரையின் பக்கமே பார்க்காமல், வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றானாம்.

நூருன்னிஸா ரவூப்பின் கோப்பையில் தேநீரை ஊற்றி, "அவருக்குக் குடுங்க, சூடா ஈக்கிற நேரம்" என்றாள்.

கோப்பை காலியாகத் திரும்பி வந்தது. வண்டி உதைபட்டுக் கிளம்பியது. ரத்தோட்டை ஏற்றத்தில் அந்தச் சத்தம் தேய்ந்து போகும்வரை அவள் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள். கணவன் இறந்த நாளிலிருந்து ஊர் எதிர்பார்த்த அந்த அழுகை, இப்போது, அவள் மடியில் அந்தக் காலிக் கோப்பை கிடக்க, வந்தது.