குடும்பத்துக்கே ஒரு மட்டை

எங்க அப்பா ஒரு சாமான் வாங்கக் கிளம்பினா கடைக்காரனுக்கு ஜுரம் வந்துடும். கத்தரிக்காய்க்கே தெரு முழுக்க நடந்து பார்த்துட்டுத்தான் பையை நீட்டுவார். அப்படிப்பட்டவர்கிட்டப் போய் பதினாலு வயசுல நான், "பால் பேட்மிண்டன் மட்டை வேணும்"னு கேட்டேன். மூணு வாரம் ஆச்சு.

கேட்டதுக்குக் காரணம் இருந்தது. எங்க ஸ்கூல்ல பொண்களுக்குன்னு அஞ்சு பேர் டீம் ஒண்ணு சேர்த்தா. யுத்த காலம், எதுவும் சுலபமாக் கிடைக்காது. ஸ்கூல்ல இருந்த மட்டையெல்லாம் நரம்பு அறுந்து சல்லடையாத் தொங்கித்து. விளையாட்டு டீச்சர் கறாராச் சொல்லிட்டா: "சொந்த மட்டை இருக்கறவாதான் டீம்ல." நாலு பேர்கிட்ட இருந்தது. அஞ்சாவது இடத்துக்கு நானும், தியாகராய நகர்லேருந்து வர ஒரு டாக்டர் பொண்ணும். அவாத்துல கார் இருந்தது. மட்டை வாங்க மூணு வாரம் யோசிக்கற வீடா அது?

அப்பாவோட சித்தாந்தம் இது: "குழந்தைக்கு ஒண்ணு, பெரியவாளுக்கு ஒண்ணுன்னு வாங்கறவன் முட்டாள். ஒண்ணே வாங்கு, உசத்தியா வாங்கு, ஆத்துல அத்தனை பேருக்கும் உதவணும்." லஸ் பக்கத்துல இருந்த கடைக்கு நாலு தடவை போனோம். முதல் மூணு தடவை வாங்கறதுக்கு இல்லை, சும்மா பார்க்கறதுக்கு. பெண் பார்க்கப் போறவாகூட மூணு தடவை பஜ்ஜி சாப்பிட மாட்டா! ஒவ்வொரு மட்டையா எடுத்து, தேங்காயைத் தட்டற மாதிரி விரலால தட்டி, காதுகிட்ட வெச்சுக் கேட்டார். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துட்டு, "அது பேசாது சார்"ன்னார். அப்பா அசரலை.

நாலாவது தடவை எடுத்தது ஆம்பளைகள் ஆடற கனமான மட்டை. ஞாயித்துக்கிழமை மாம்பலத்துல ஆபீஸ் சிநேகிதாளோட அப்பா ஆடணும், மத்த நாள்ல நான், நான் கல்யாணம் ஆகிப் போனப்புறம் என் தங்கை. கடை வாசல்லயே மூணு பேர் ஜாதகத்தையும் கணிச்சுட்டார்.

"கை வலிக்கறதுப்பா."

"வலிச்சா பலமாகும். அதுக்கும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கேன்."

ஷூ கேட்டேன். "மயிலாப்பூர் மணலுக்கு வெறுங்கால் போறாதோ?" அதோட அது முடிஞ்சுது. வலைக்குப் பதிலா கொல்லையில துணி உலர்த்தற கொடி. பந்துதான் தொல்லை. மஞ்சள் கம்பளிப் பந்து, நாலு நாள் அடிச்சா பிரிஞ்சு வாலோட பறக்கும். புதுப் பந்து வேணும்னு நான் வாயைத் திறந்த அன்னிக்கு அப்பா முகத்தைப் பார்க்கணுமே!

அங்கதான் அம்மா நுழைஞ்சா. "பொண்ணுக்கு எதுக்குடி மட்டை, கரண்டி இல்லையா ஆத்துல?"ன்னு ஆரம்பத்துல முணுமுணுத்தவதான். ஒரு மத்தியானம் நான் கைக்குழந்தையா இருந்தப்போ போட்ட கம்பளிச் சட்டையைப் பிரிச்சு, ஒரு தக்கைக் கட்டை மேல சுத்தி, ஊசியால தைச்சு, "இந்தா"ன்னு போட்டா. முதல் பந்து கோணக்கோணப் போச்சு. மூணாவது பந்து கடைப் பந்தைத் தூக்கி அடிச்சுது. அப்புறம் தினமும் சாயங்காலம் துணி பிழியற சாக்குல கொல்லைக்கு வருவா. சுவத்துல நான் விடாம எத்தனை அடிக்கறேன்னு எண்ணுவா. அறுபத்தஞ்சுல தப்பினா, "கவனம் எங்கடி போறது?"ன்னு அதட்டல் வேற.

இன்னிக்கு யார் வந்து என்னைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். மட்டையில கஞ்சத்தனம் பண்ணாதேங்கோ, பந்தை ஆத்துலயே சுத்திக்கோங்கோ, ஷூ மெதுவா வாங்கிக்கலாம். ஆனா கனம் மட்டும் குழந்தை கைக்குத் தகுந்ததாப் பாருங்கோ. அந்த விஷயத்துல எங்கப்பா பேச்சைக் கேக்கவே கேக்காதேங்கோ.

அஞ்சாவது இடம் எனக்குக் கிடைச்சுது. நவராத்திரி முடிஞ்சு வர சனிக்கிழமை இன்னொரு ஸ்கூலோட முதல் மேட்ச். "மட்டையோட வா. இல்லேன்னா டாக்டர் பொண்ணு ஆடுவா"ன்னு டீச்சர் ஞாபகப்படுத்தினா.

சரஸ்வதி பூஜை வந்தது. அம்மா புஸ்தகங்களை அடுக்கி, உச்சியில என் மட்டையை வெச்சா. பக்தி கொஞ்சம் அதிகமாப் போய், நரம்புக்கு நட்ட நடுவுல இத்தனை சந்தனத்தை அப்பிட்டா. மறுநாள் புனர்பூஜை ஆனதும் எடுத்து ஒரு அடி அடிச்சேன். படீர்! ஈரத்துல ஊறின நரம்பு மூணு அறுந்துபோச்சு. நான் குதிச்ச குதியில கிணத்தடி ராட்டினமே ஆடியிருக்கும்.

கச்சேரி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்துல மட்டைக்கு நரம்பு கட்டற பாய் ஒருத்தர் இருந்தார். அப்பா கொண்டுபோய்க் குடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாயே மட்டையை எடுத்துண்டு வாசலுக்கு வந்தார். அம்மா நல்ல எண்ணத்துலதான் கேட்டா: "ஏன் பாய், இந்த நூல் இவ்வளவு சீக்கிரம் அறுந்துடுத்தே?"

பாய்க்கு ரோஷம் வந்துடுத்து. "நூலா? நூலு கட்னா ரெண்டே நாள்ல தொங்கிப்பூடும்மா. இது ஆட்டுக் குடலு, அசல் சரக்கு! மழையில மட்டும் நனைய வுடாதீங்க, அவ்ளோதான்."

அம்மா ரெண்டடி பின்னால போனா. "ஐயையோ, பூஜையில வெச்சேனே!"

அப்பா பேப்பரை முகத்துக்கு நேரா உசத்திப் பிடிச்சுண்டார். "எனக்குத் தெரியும். சொன்னா நீ வாங்க விட்டிருப்பியா?"ன்னு பேப்பருக்குள்ளேருந்து குரல் வந்தது. அவ்வளவுதான். பூஜை ரூமை அலம்பி, புஸ்தகத்துக்கெல்லாம் தீர்த்தம் தெளிச்சு, தானும் தலைக்குக் குளிச்சுட்டு வந்து அம்மா தீர்ப்புச் சொன்னா: மட்டை இனிமே நிலைப்படி தாண்டப்படாது, தான் அதைத் தொட நேர்ந்தா தலைக்கு ஸ்நானம். கிணத்தடிச் சுவத்துல ஒரு ஆணி, அங்கேயே தொங்கட்டும்.

"கோவில்ல அடிக்கற மத்தளம் தோல் இல்லையா?"ன்னு நான் எகிறினேன்.

"அது பகவான் பாடு. இது என் ஆத்து விவகாரம். வாயை மூடு."

சனிக்கிழமை காலம்பற நாலு வீடு தள்ளிப் பாட்டு கிளாசுக்குப் போயிருந்தேன். பாதிப் பாட்டுல மழை கொட்ட ஆரம்பிச்சுது. மட்டை வெளியில தொங்கறதே! நனைஞ்சா தொளதொளன்னு ஆயிடும், சாயங்காலம் என் இடத்துல டாக்டர் பொண்ணு நிப்பா. பாட்டு டீச்சர்கிட்ட சொல்லிக்கக்கூட இல்லை, தொப்பலா நனைஞ்சுண்டு ஓடினேன்.

ஆணி காலியா இருந்தது.

அம்மா அதை யார்கிட்டயோ தூக்கிக் குடுத்துட்டான்னே எனக்குத் தோணித்து. வேற எதுவும் தோணலை. கொல்லையில நின்னுண்டு, தெருவுக்கே கேக்கற மாதிரிக் கத்தினேன். "உனக்கு உன் மடி ஆசாரம்தானே பெரிசு! நீயெல்லாம் ஒரு அம்மாவா?" சொன்னேன். அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன், வேற யாரும் சொல்லிக் குடுக்கலை.

அம்மா கிணத்தடி மறைப்புக்குப் பின்னாலேருந்து வந்தா. ஈரப் புடவை, தலையிலேருந்து தண்ணி சொட்டறது, பல்லு கிட்டிக்கறது. ரெண்டு தும்மல் போட்டா. அப்புறம் சமையல் உள்ளைக் கையால காமிச்சா.

எட்டிப் பார்த்தேன். வெளியாள் யாரும் கால் வைக்கப்படாதுன்னு அம்மா காவல் காக்கற இடம் அது. அடுப்புக்கு மேல பரண்ல, அப்பாவோட பழைய வேஷ்டியைச் சுத்தி என் மட்டை.

"மழை வந்துடுத்து. ஆத்துல வேற எங்கயும் ஈரமில்லாத இடம் இல்லை"ன்னா அம்மா. "போய்த் தலையைத் துவட்டு. நான் ஸ்நானம் பண்ணியாச்சு."

மன்னிச்சுக்கோன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அந்த வயசுல அதெல்லாம் எங்க வரது? மூக்கை உறிஞ்சிண்டு போய்த் தலையைத் துவட்டிண்டேன்.

மத்தியானம் மழை விட்டுது. மணல் தண்ணியைக் குடிச்சுடுத்து, மேட்ச் நடந்தது. நன்னாத்தான் ஆடினேன், ஆனா தோத்துட்டோம். திரும்பி வரச்சே மறுபடி தூறல். கொல்லை வழியா வந்து, அந்த ஆணிகிட்ட மட்டையை வெச்சுண்டு நின்னேன். மாட்டறதா, வேண்டாமான்னு தெரியலை.

அம்மா சாயங்கால ஸ்நானம் முடிச்சு, உலர்ந்த மடிப் புடவையைக் கட்டிண்டு, சமையலுக்குப் போயிண்டிருந்தவ நின்னா. கையை நீட்டினா.

"நீ இப்பதானேம்மா குளிச்சே?"

"கிணத்துல தண்ணி இருக்கு. குடு."