கறுப்பு வெள்ளையில் ஐந்தாவது ஸ்டேஜ்

டிவி சூடேறினால் எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் இளகுகிற வாடை வரும். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்த அப்பா, கலர் டிவிக்கு ஆசைப்பட்டு முடியாமல், எங்கள் கறுப்பு வெள்ளை டிவியின் முகத்தில் "கலர் பேப்பர்" ஒன்றை மாட்டியிருந்தார். மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை என்று பட்டை பட்டையாக இருந்த அந்தப் பிளாஸ்டிக் தாள் வழியாகப் பார்த்தால் செய்தி வாசிக்கிறவருக்கு நீலத் தலையும் பச்சை வயிறும் இருக்கும். "இதுவும் கலர்தான" என்று சொல்லிவிட்டு அப்பா நிம்மதியாகச் சாப்பிடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு முழுப்பரீட்சை லீவில், அந்த டிவிக்கு ஒரு வீடியோ கேம் வந்து சேர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த பெரியம்மா மகள் ஜெயா அக்காவுடையது. மேலிருந்து கலர் கலராகக் கட்டங்கள் விழும். ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் மறையும், சேராவிட்டால் அடுக்கிக்கொண்டே போய் உச்சியில் முட்டி ஆட்டம் முடிந்துவிடும். ஐந்தாவது ஸ்டேஜை அவளாலேயே தாண்ட முடியவில்லை. அந்தக் கடுப்பில், "லீவு முடியிறதுக்குள்ள நீ தாண்டிட்டா ஒனக்கே தாரேன், இல்லன்னா திருப்பிக் கொண்டாந்துரணும்" என்று பெரியம்மாவை வைத்துக்கொண்டே சொல்லி, கேம் பெட்டியை என் கையில் கொடுத்தாள். எனக்கு அந்தப் பெட்டி வேண்டும். அதுவரை எதன்மேலும் நான் அப்படி வெறிபிடித்து ஆசைப்பட்டதில்லை.

எங்கள் டிவியிலோ விழுகிற கட்டம் அத்தனையும் மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை. ஆட்டத்தின் சட்டமே இதுதான் போலிருக்கிறது என்று நம்பிய நான், கீழே வந்தால் எல்லாம் பச்சைதானே, பிறகு ஏன் இந்தச் சனியன் மறைய மாட்டேன் என்கிறது என்று பட்டனைக் குத்திக் குத்தி விரல் காந்தினதுதான் மிச்சம். பேப்பரின் ஒரு மூலை நழுவித் தொங்கிய மத்தியானம்தான் உண்மை தெரிந்தது: அதற்குப் பின்னால் நிறமே இல்லை, எல்லாம் சாம்பல். கேம் வந்த அட்டைப்பெட்டியின் படத்தை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று சிரித்துக்கொண்டிருந்தது. சீ என்று ஆகிவிட்டது.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பா மில்லுக்குக் கிளம்பியதும் பேப்பரைக் கழற்றுவேன், அவர் வருவதற்குள் மாட்டிவிடுவேன். மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளை, நீலம் கிட்டத்தட்ட கறுப்பு, அதுவரை சரி. இந்தச் சிவப்பும் பச்சையும் இருக்கிறதே, இரண்டும் அச்சு அசல் ஒரே சாம்பல்! "கான்ட்ராஸ்ட்" திருகை ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிறுத்தினால் சிவப்பு மட்டும் ஒரு பொட்டு இருட்டாகும் என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி லீவு போய்விட்டது. மூன்றாவது ஸ்டேஜுக்கு மேல் கட்டங்கள் மழைபோலக் கொட்டும். யோசிக்க நேரமே தராது. தோற்றால் ஒரு கேலிப் பாட்டு வேறு பாடும். கண்ணை மூடினாலும் கட்டம் விழுந்தது, சாப்பிடும்போதும் கட்டைவிரல் துடித்தது. "ஏட்டி, எம்புட்டு நேரமா அதையே பாத்துட்டுக் கெடப்ப, கண்ணு பூத்துப் போகும்" என்று அம்மா வைவாள். அவளுக்கு அந்த ஆட்டத்தின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது.

லீவின் கடைசி வாரம், அம்மா குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, ஐந்தாவது ஸ்டேஜைத் தாண்டிவிட்டேன். வீட்டில் பார்க்க ஒரு ஆள் இல்லை. தெருவுக்கு ஓடி, குடத்தோடு அம்மாவை இழுத்து வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. "தாண்டிட்டேம்மா, நெசமாவே தாண்டிட்டேன்" என்று குதித்தேன். "சரிட்டி, குடத்தைப் பிடி" என்றாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் அம்மாவும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ஜெயா அக்கா நம்பவில்லை. "அந்த டப்பா டிவிலயா? அடிச்சு விடாத. என் கண்ணு முன்னால ஆடிக் காட்டு." அவர்கள் வீட்டுக் கலர் டிவியில் முதல் கட்டம் சிவப்பாக விழுந்ததும் எனக்குக் கண் கூசியது. சாம்பலில் பழகிய கைக்கு எதுவும் பிடிபடவில்லை; இரண்டாவது ஸ்டேஜிலேயே அவுட். "புளுகுணி!" என்றாள் ஜெயா அக்கா. பெரியம்மாவும் சிரித்தாள். "இம்புட்டுக் கலர்ல எனக்கு ஒண்ணும் தெரியலம்மா" என்று அழுதேவிட்டேன்.

அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "அவ தாண்டுனா. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா எழுந்துபோய், "இதுல கலரைக் கொறைக்கிறது எது, அக்கா?" என்று பெரியம்மாவிடம் கேட்டாள். பெரியம்மா அரைமனதாகக் காட்டிய திருகை, படம் முழுக்க வெளுத்துச் சாம்பலாகும்வரை திருப்பினாள். "இப்ப ஆடுட்டி."

தோற்றால் பெட்டி போகும், அது போகட்டும். கூடப்பிறந்த அக்கா வீட்டில் அம்மா பொய்க்காரி ஆகிவிடுவாளே! கான்ட்ராஸ்ட் திருகைத் தேடி, சிவப்பு ஒரு பொட்டு இருட்டாகும்வரை திருப்பினேன். கட்டம் விழுந்தது, விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. ஐந்தாவது ஸ்டேஜ் முடிந்து திரையில் ஆறு என்று வந்தபோது ஜெயா அக்கா வயரைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: "நீ எங்கம்மா பாத்த? குழாயடிலல்ல இருந்த?"

"நீதான சொன்ன. பொறவு பாக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் அம்மா, ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

இப்போது என் போனில் அதே மாதிரி ஆட்டம் இருக்கிறது. தோற்றால் இன்னொரு உயிர் தருகிறேன் வா வா என்று கெஞ்சுகிறது. அந்தப் பெட்டி போயிற்று, டிவி போயிற்று, அம்மாவும் போய்விட்டாள். காய்ச்சல் என்று சொன்னால் ஆபீசில் டாக்டர் சீட்டு கேட்கிறார்கள். வந்துகொண்டிருக்கிறேன் என்றால் வீட்டில் லொகேஷன் கேட்கிறார்கள். நானும் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறேன்.