வெள்ளாற்று மடுவில் சேல் கெண்டை

காலை ஆறு மணிக்கு இரண்டு தகர டின்களோடு நெய்வேலியில் பஸ் ஏறினேன். அறுபத்திரண்டாம் வருஷம், தை மாதக் கடைசி. டவுன்ஷிப்பில் எனக்குச் சுகாதார இன்ஸ்பெக்டர் வேலை.

குவார்ட்டர்ஸ் கட்ட மண் எடுத்த பள்ளம் ஒன்று எங்கள் பிளாக்குக்குப் பின்னால் குளமாகிக் கிடந்தது. என் மகள் அதில்தான் நீந்தப் பழகினாள். இந்த வருஷம் அடியில் பாசியும் சேறும் மண்டி நாற்றம் எடுத்துவிட்டது. மண் போட்டு மூடிவிடலாம் என்றார் மேலதிகாரி. அடியில் மேயும் மீன்களை விட்டால் தண்ணீர் தெளியும் என்று நான்தான் குறுக்கே விழுந்தேன். "பத்து நாள் தர்றேன், செய்து காட்டுங்க" என்றார்.

வடலூர் ஆறேழு மைல். அங்கே மீன் வியாபாரி பஷீர் பாய் காத்திருந்தார். சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் டின்களை மேலே ஏற்ற கண்டக்டர் மறுத்ததால், பத்து மைலும் மடியில் வைத்துக்கொண்டு போனோம்.

எட்டேகாலுக்கு இறங்கி, வெள்ளாற்றங்கரையோடு கிழக்கே ஒன்றரை மைல் நடந்தோம். ஐப்பசி வெள்ளம் வடிந்து, மணல் நடுவே இரண்டு மடுக்கள் மட்டும் தனித்து நின்றன. இடையில் நாற்பதடி மணல்தான். கீழ் மடுவின் ஓரத்தில், கெளுத்தி பிடிக்க மூங்கில் பறி போட்டுக்கொண்டிருந்தாள் அஞ்சலை. முப்பது வயதிருக்கும். பஷீர் பாய்க்கு வாடிக்கையாக மீன் கொடுப்பவள்.

"அஞ்சல, சாருக்கு உசுரோட சேல் கெண்டை நாப்பது வேணும்" என்று வலையை அவிழ்த்தார் பாய்.

அவள் பறியை வைத்துவிட்டு எழுந்தாள். "கெளுத்தி கேளு, விரால் கேளு, தரேன். சேலு மேல கைய வெக்காத பாய்."

"ஆறு என்ன ஒன் வூட்டு சொத்தா?"

"அந்த மேல் மடுவுல போன மாசம் இப்பிடித்தான் ஒருத்தன் வல போட்டு ஒண்ணு வுடாம வாரிக்கினு போனான். சார் போய் எறங்கிப் பாக்கட்டும்."

செருப்பைக் கழற்றிவிட்டு மேல் மடுவில் இறங்கினேன். இரண்டாவது அடியிலேயே வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். கல்லெல்லாம் எண்ணெய் பூசியதுபோல் பாசி. அதன்மேல் பஞ்சு போலப் பழுப்புச் சேறு விரற்கடை கனத்துக்குப் படிந்திருந்தது. கால் பட்டதும் தண்ணீர் முழுக்கக் கலங்கியது. எங்கள் குளத்தின் அதே நாற்றம்.

நனைந்த வேட்டியோடு கீழ் மடுவுக்கு வந்தேன். அடியில் மணல் தெரிந்தது. கற்களில் உதட்டால் சுரண்டிய தடங்கள் கோடு கோடாக இருந்தன. ஒரு சாண் நீளச் சேல் கெண்டைகள் தலையைத் தாழ்த்தி மேய்ந்துகொண்டிருந்தன. அவை கிளறிய இடத்தில் பொடி மீன்கள் மொய்த்தன. மறு ஓரத்தில் ஊர்ப் பசங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

"அது அடியக் கெளறிக்கினே இருந்தாத்தான் மத்ததுக்கு எர கெடைக்கும். நாங்க பத்து வூடும் இங்கதாங்க தண்ணி மொள்ளுறோம்" என்றாள் அஞ்சலை.

பாய் சலிக்கவில்லை. "பத்து மீனாவது குடேன். சார் அவ்ளோ தூரம் வந்திருக்காரு."

அவள் என்னைப் பார்த்தாள். "பத்து புடிச்சிக்கோங்க சார். ஒங்க கொளத்துக்கு வெள்ளம் எந்தப் பக்கமா வருது?"

"வெள்ளம் வராதும்மா. மழைத்தண்ணிதான்."

"அப்ப இதுங்க முட்ட வுட எங்க போவும்? புது வெள்ளம் வந்து வயக்காடெல்லாம் பரவுனாத்தான் இது ஏறிப் போயி முட்ட வுடும். குஞ்சுங்க வடியுற தண்ணியோட ஆத்துக்கு வரும். ஒங்க கொளத்துல இருக்கற வரிக்கும் இருந்துட்டுப் பூடும்."

மீனின் வாயைப் பற்றிப் படித்திருந்தேன். அது வருஷம் முழுக்க எங்கே போய் வரும் என்று யோசித்ததே இல்லை. பத்து மீனைக் கொண்டுபோனால் தண்ணீர் தெளிகிறதோ இல்லையோ, அதிகாரி முன்னால் என் பேச்சு கொஞ்ச நாள் நிற்கும். மகளும் சந்தோஷப்படுவாள். ஆனாலும் காலி டின்கள் இரண்டையும் மூடினேன்.

"வலையைச் சுருட்டுங்க பாய்" என்றேன்.

பதினொன்றரை பஸ்ஸில் திரும்பினோம். வடலூரில் இறங்கும்போது பாய், "ரெண்டு கெளுத்தியாவது வாங்கியிருக்கலாம் சார், கொழம்புக்கு" என்றார்.

மறுநாள், குளத்தை மூடலாம் என்று எழுதிக்கொடுத்தேன்.

"செய்து பார்க்காமலேயா?" என்றார் அதிகாரி.

"ஆத்துலயே பார்த்துட்டேன் சார்."

ஒரு வாரத்தில் லாரிகள் வந்து மண் கொட்டின. மகள் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. நடந்ததை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "அந்த ஊர்ப் பசங்க இன்னும் அந்த மடுவுல குளிக்கிறாங்களா?" என்று கேட்டாள். குளிக்கிறார்கள் என்றேன்.

எங்கள் டவுன்ஷிப்பில் ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்துவிடும். யார் தெளிய வைத்த தண்ணீர் என்று ஒருவரும் கேட்பதில்லை. வெள்ளாற்றங்கரையில் பத்து வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் தண்ணீரைத் தெளிய வைப்பது எது என்று தெரிந்திருக்கிறது.